‘ஆச்சுண்ணே, நீங்க?’: மதுரைப் பணியிடங்களில் முகமனும் சமத்துவமும்

மதுரை மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் விடிவதற்கு வெகுமுன்பே வேலை தொடங்கிவிடும். லாரியின் தார்ப்பாய் அவிழும். தக்காளிப் பெட்டிகள் இறங்கும். துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு சுமைதூக்கும் தொழிலாளர்கள் வரிசையாக நகர்வார்கள். அந்த நேரத்தில் கடைக் கணக்குப்பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறார். மூட்டையோடு எதிரே வருபவரைப் பார்த்து, “என்னண்ணே, டீ ஆச்சா?” என்கிறார். “ஆச்சுண்ணே, நீங்க?” “இனிமேத்தான்.” அவ்வளவுதான். இருவரும் நடையை நிறுத்தவில்லை. டீயைப் பற்றிய அக்கறையும் இருவருக்கும் பெரிதாக இல்லை. ஆனாலும் ஒருநாள் இந்தப் பேச்சு நடக்கவில்லையென்றால், “என்ன, இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார்.

சற்று நேரத்தில் கடை உரிமையாளரின் கார் வருகிறது. இறங்கியதும் அதே தொழிலாளியைப் பார்த்து, “சாப்ட்டியாப்பா?” என்கிறார் அவர். குரலில் பரிவு இருக்கிறது. கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. “ஆச்சுங்கய்யா” என்று பதில் வருகிறது. பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

முதல் உரையாடலில் இருந்த ஒரு சொல் இரண்டாவதில் இல்லை: ‘நீங்க?’ என்று திருப்பிக் கேட்கும் அந்த ஒற்றைச் சொல். மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் பணியிட உறவு எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புபவர், அந்தச் சொல் எங்கே ஒலிக்கிறது, எங்கே ஒலிக்காமல் போகிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். உடன் வேலை செய்பவரை அன்போடு முகமன் கூறி வரவேற்க வேண்டும் என்ற அறிவுரை எல்லா அலுவலகங்களிலும் சொல்லப்படுகிறது. அந்த முகமன் திரும்பி வரும் வழி திறந்திருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

முகமன் செய்யும் வேலை

‘முகமன்’ என்பது பழைய சொல். வந்தவரிடம் முகம் கொடுத்துச் சொல்லும் உபசாரமொழி அது. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அதை அடுத்துப் பத்தாவதாக வருவது இனியவைகூறல். வந்தவருக்குச் சோறு போடுவதைப் பேசியவுடன், அவரிடம் பேசும் சொல்லைப் பற்றிப் பேசுகிறது நூல். இந்த இரண்டையும் ஒன்றாகவே கருதும் பழக்கம் இன்னும் நம் வாயில் இருக்கிறது. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதையே வணக்கமாக வைத்திருக்கும் மக்கள் நாம்.

இத்தகைய பேச்சுக்கு மானிடவியலில் ஓர் இடம் கிடைத்தது 1923இல். முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த பிரோனிஸ்லா மாலினோவ்ஸ்கி, அந்த ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையில், தகவலைச் சொல்வதற்காகப் பேசாமல் உறவைக் கட்டுவதற்காகவே பேசும் பேச்சு என ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார். நலம் விசாரிப்பது, வானிலையைச் சொல்வது, கண்ணெதிரே தெரிவதையே கேட்பது எல்லாம் இதில் அடங்கும். கையில் பையோடு நிற்பவரிடம் “கடைக்கா?” என்று கேட்கிறோமே, அது இந்த வகைதான். கேட்பவருக்கு விடை தெரியும். ‘நீ இருப்பதை நான் கண்டேன், நமக்குள் பகை இல்லை, தேவைப்பட்டால் நீ என்னிடம் பேசலாம்’ என்பதே அந்தக் கேள்வியின் உட்பொருள்.

இதில் மூன்றாவது கூறுதான் பணியிடத்துக்கு முக்கியமானது. முகமன் என்பது பேச அனுமதி. காலையில் முகம் பார்த்துப் பேசியவரிடம் மதியம் ஒரு தவற்றைச் சுட்டிக்காட்ட முடியும். மூன்று மாதமாக முகம் கொடுக்காதவரிடம் போய், “சார், இந்தக் கணக்கு தப்பா இருக்கு” என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

அண்ணே, மாப்ள, பங்காளி

மதுரைப் பேச்சில் முகமனுக்கு உறவுப்பெயர் இல்லாமல் உயிர் வராது. ‘வாங்கண்ணே’, ‘என்ன மாப்ள, ஆளையே காணோம்?’, ‘என்ன பங்காளி’, ‘சொல்லுங்கக்கா’, ‘வாத்தா’ என்று எதிரில் நிற்பவரை முதலில் குடும்பத்துக்குள் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சு தொடங்கும். பட்டறையிலும், பேருந்துப் பணிமனையிலும், ஜவுளிக்கடையிலும், வங்கி முகப்பிலும் இதே கதைதான். ‘அண்ணா’ என்று சென்னையில் சொல்வதை இங்கே ‘அண்ணே’ என்று அழுத்தும்போது, அதில் மரியாதையோடு கொஞ்சம் உரிமையும் ஏறிவிடுகிறது.

மனிதர்கள் பணிவையும் நயத்தையும் மொழியில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பது பற்றி உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு பெனலோபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவருடையது. 1978இல் வெளியாகி 1987இல் தனிநூலாக வந்தது. அதன் தரவுகளுக்கு அடிப்படையான மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். தமிழ்த் தரவுகள் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் லெவின்சன் செய்த களப்பணியிலிருந்து எடுத்தவை. நயத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று நெருக்கம் காட்டி இணக்கமாவது. மற்றொன்று விலகி நின்று மதிப்பது. நம் உறவுப்பெயர்களின் தனித்தன்மை, இவை இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிடுவது. ‘அண்ணே’ என்றால் நீங்கள் மூத்தவர் என்ற மதிப்பும் உண்டு. நம்மவர் என்ற நெருக்கமும் உண்டு. அலுவலகக் கடிதத்தின் ‘ஐயா’வுக்கு இந்தத் திறன் கிடையாது.

ஆனால் இந்த அன்புக்கு உள்ளே ஒரு கணக்கும் ஓடுகிறது. மாமன், மச்சான், மாப்ள என்பவை பெண் கொடுத்து எடுக்கும் உறவின் பெயர்கள். பங்காளி என்பது சொத்துப் பங்கின் பெயர். தென்மாவட்டங்களில் சாதி கடந்தும் மதம் கடந்தும் இந்தப் பெயர்களால் அழைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இந்துவும் முஸ்லிமும் மாமன் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வதைப் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைக்குரியதும்தான். அதே நேரத்தில் எவரை நோக்கி அந்தப் பெயர்கள் நீளவே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஊரில் தலித் முதியவரைப் பெயர் சொல்லியோ ‘ஏப்பா’ என்றோ இளவட்டங்கள் அழைத்த காலம் பழங்கதையாகிவிடவில்லை.

புதிதாக வேலைக்கு வந்தவரிடம் மதுரையில் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி, “தம்பிக்கு எந்த ஊரு?” என்பது. அன்பான கேள்விதான். அதை அடுத்து “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று வரும்போது கேட்கப்படுவது ஊர் இல்லை, தெரு. தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நொடியில் புதியவர் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வரவேற்பதற்காகத் தொடங்கிய பேச்சு விசாரணையாகிவிடுகிறது. அன்பாகப் பேசப் பழகுவதில் முதற்பாடம், இந்தக் கேள்வியை நாக்கிலிருந்து இறக்கிவிடுவதுதான்.

திரும்பி வராத கும்பிடு

இந்தச் சமவெளியில் வேலை என்பது நெடுங்காலம் நிலத்து வேலையாகவே இருந்தது. பண்ணையில் வேலை செய்தவர் நிலக்காரரைக் கண்டால் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு ‘கும்பிடுறேன் சாமி’ என்று சொல்ல வேண்டும். பதிலுக்கு நிலக்காரர் கை குவிப்பதில்லை. ஒரு தலையசைப்பு கிடைத்தால் உண்டு. அந்தக் கும்பிடு ஒருவழிப் பாதை.

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960இல் எழுதிய ஆய்வில், ஐரோப்பிய மொழிகளில் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற இருவகை முன்னிலைச் சொற்கள் எவ்வாறு வழங்கின என்று ஆராய்ந்தார்கள். ஒருவர் ‘நீ’ என்று சொல்லி ‘நீங்கள்’ என்று பெற்றால் அங்கே நிலவுவது அதிகாரம். இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொண்டால் அது தோழமை. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் சொன்ன அந்த அளவுகோல் நம் ‘சாப்ட்டியா?’, ‘ஆச்சுங்கய்யா’ என்ற இணைக்கு அப்படியே பொருந்துகிறது.

யார் முதலில் பேசுவது என்பதிலும் அதிகாரம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வோலோஃப் மக்களிடையே முகமன் முறையை ஆராய்ந்து ஜூடித் இர்வின் 1974இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே முதலில் முகமன் கூறுபவர் தம்மைத் தாழ்ந்தவராக வைத்துக்கொள்கிறார். ஆகவே உயர்ந்தவர் காத்திருப்பார், தாழ்ந்தவர் தொடங்குவார். நம் அலுவலகங்களுக்கு இது அந்நியமான செய்தியா? அதிகாரி வரும்போது எழுந்து ‘குட் மார்னிங் சார்’ சொல்ல வேண்டியவர் யார், கோப்பிலிருந்து தலை நிமிராமல் ‘ம்’ சொல்பவர் யார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த ஒருவழிப் பாதையைத் தமிழ்நாட்டில் உடைத்ததில் சுயமரியாதை இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. வயதில் சிறியவர்களையும் பெரியார் ‘வாங்க, போங்க’ என்றே பேசினார் என்பதை அவரோடு பழகிய பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் மேடைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பரவிய ‘வணக்கம்’ என்ற சொல்லின் சிறப்பும் இங்கேதான் இருக்கிறது. சொல்பவரும் பெறுபவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். அதற்கு மேல் கீழ் இல்லை. மொழி தந்த இந்தச் சமன்பாட்டைப் பணியிடங்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

ஓர் அலுவலகமும் ஓர் அக்காவும்

நான் முதன்முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் கூட்டிப் பெருக்க ஓர் அக்கா வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காலையில் எங்களுக்கு முன்பே வந்து, நாங்கள் உட்காரும்போது ஈரத்தரையை மின்விசிறி போட்டுக் காயவைத்துக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் உட்பட எல்லோருக்கும் அவர் ‘ஏம்மா’. ‘ஏம்மா, இங்க தொடைக்கலையா?’ அவருக்கு நாங்கள் எல்லோரும் ‘சார்’. நானும் அவர்களில் ஒருவன்.

ஒரு மழைக்காலத்தில் பழைய கோப்புகள் இருந்த அறையில் தண்ணீர் இறங்கி, கீழ்த்தட்டில் இருந்த கட்டுகள் எல்லாம் நனைந்து ஒட்டிப்போயின. கண்டுபிடித்தபோது பூஞ்சை பிடித்து நாறியது. சுவரில் கசிவு இருந்ததை அந்த அக்கா பத்து நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தினமும் துணியால் ஒற்றி எடுத்திருக்கிறார். “ஏன் சொல்லல?” என்று மேலாளர் சத்தம் போட்டார். அக்கா தலைகுனிந்து நின்று மெதுவாகச் சொன்னார்: “யாருகிட்ட சொல்றது சார்?”

அது சாக்கு இல்லை, உண்மையான கேள்வி. அந்தக் கட்டடத்தில் அவரிடம் வேலை ஏவ முப்பது பேர் இருந்தோம். அவர் பேசக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. முகமன் என்பது பேச அனுமதி என்று மேலே எழுதியதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. நனைந்த கோப்புக் கட்டுகளை வெயிலில் பிரித்துப் போட்ட அந்த இரண்டு நாளில் கற்றேன்.

மருத்துவமனைகள் தரும் சான்று

நனைந்தது கோப்பு என்பதால் இழப்பு சிறியது. அதே மௌனம் உயிரோடு விளையாடும் இடங்களில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களை வைத்து ஆரியே ரிஸ்கினும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. குறைமாதக் குழந்தை ஒன்றின் உடல்நிலை மோசமாவதுபோல் அமைத்த பயிற்சி அது. சில குழுக்களிடம் வெளிநாட்டு நிபுணர் ஒருவர், அவர்களுடைய திறமையைத் தாழ்த்தும்படி ஓரிரு சொற்கள் சொன்னார். மற்றக் குழுக்களிடம் பொதுவாகப் பேசினார். இழிசொல் கேட்ட குழுக்களில் நோயறிதலும் சிகிச்சைச் செயல்களும் தரம் குறைந்தன. காரணத்தைத் தேடியபோது, அக்குழுக்களில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்திருந்தது தெரிந்தது. கை நடுங்கியதால் மட்டும் பிழை வரவில்லை. வாய் மூடியதாலும் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. தோலில் கத்தி வைக்கும் முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களா என்பது அவற்றில் ஒன்று. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. பட்டியல் முழுவதற்குமான பலன் அது. பெயர் சொல்லிக்கொண்டதால் மட்டும் கிடைத்தது என்று கொள்ளக் கூடாது. ஆனால் கிருமித் தடுப்பு மருந்தோடும் கருவிகளின் எண்ணிக்கையோடும் ஒரே தாளில் மனிதர் பெயரையும் சேர்த்தார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

மதுரையில் இதைச் சிந்திக்க வேறெங்கும் போக வேண்டாம்; அண்ணா நகரில் இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பயின்றவர் அவர். மருத்துவமனையின் முதுகெலும்பு, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வரும் இளம்பெண்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்று, பார்வை சோதிப்பதிலிருந்து அறுவை அரங்கு வரை பெரும்பகுதி வேலையை அவர்கள் செய்கிறார்கள். அரங்கில் மருத்துவர் ஒரு மேசையில் ஒரு கண்ணை முடித்துவிட்டுத் திரும்பினால், அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். இவ்வளவு வேகம் கத்தியின் வேகத்தால் மட்டும் வருவதில்லை. எந்தக் கண், எந்த லென்ஸ், யாருக்கு ரத்த அழுத்தம் என்பதை அந்தப் பெண் தயங்காமல் சொல்ல வேண்டும்.

‘பெரியவங்க முன்னாடி வாய் திறக்காதே’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஊர்களிலிருந்து வரும் பெண்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தி, “டாக்டர், ஒரு நிமிஷம்” என்று சொல்லும் இடத்துக்கு வருவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி என்று நான் கருதுகிறேன். மருத்துவமனையோ மில்லோ கடையோ, இந்தத் தூரத்தை அவளால் தனியாகக் கடக்க முடியாது. பாதி வழியை மேலே இருப்பவர் இறங்கி வர வேண்டும்.

அன்பு கூலிக்கு ஈடாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’ என்ற சொல் பல முதலாளிகளுக்கு மலிவான மூலதனம். குடும்பம் என்று சொன்ன பிறகு மிகைநேரக் கூலி கேட்பது துரோகம்போல் ஆகிவிடும். இந்த மயக்கத்தை மதுரை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தெளிந்துகொண்டது. ஹார்வி மில் என்று ஊர் அழைத்த மதுரை மில்லின் தொழிலாளர்களுக்காக 1918இல் சங்கம் கட்ட முன்நின்றவர் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். கள்ளர் சமூகத்தினர் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்த அதே மனிதர். அன்றைய தொழிலாளர்கள் நலம் விசாரிப்புக்காகப் போராடவில்லை; கூலிக்கும் வேலை நேரத்துக்கும் போராடினார்கள். நியாயமான கூலி கொடுக்காதவரின் ‘சாப்ட்டியாப்பா?’வுக்கு வயிறு நிறையாது.

பெண்களிடம் பேசும்போது இன்னொரு எல்லையும் உண்டு. உறவுப்பெயர் உரிமைப் பத்திரம் இல்லை. ‘என் தங்கச்சி மாதிரி’ என்று தோளில் கை வைப்பதையும், அழைக்கப்படாத செல்லப்பெயரையும் அன்பின் கணக்கில் எழுத முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெறுபவர் விரும்புவதே முகமன். அவர் முகம் சுருங்கினால் அது முகமனே இல்லை.

முதலில் இறங்க வேண்டியவர்

மேலே இருப்பவர் முதலில் வணக்கம் சொன்னால் அவருடைய மதிப்பு குறையாது. உண்மையில், முதலில் பேசும் வாய்ப்பு அவரிடம்தான் இருக்கிறது. கீழே இருப்பவர் தொடங்கினால் அது கடமையாகிவிடும், மேலே இருப்பவர் தொடங்கினால் அழைப்பாகிவிடும். அழைப்புக்குப் பெயர் வேண்டும். அரசு ஆவணங்களில் இன்று ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றி எழுதுகிறோம், நல்லது. ஆனால் தெருவில் அவரை ‘ஏம்மா’ என்று கூப்பிடும் வாயில் அந்த மாற்றம் இன்னும் ஏறவில்லை. பெயரோடு ‘அக்கா’வோ ‘அண்ணே’யோ சேர்த்து, ‘நீங்க’ என்று பேசுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்காக ஒரு நொடி நிற்கவும் வேண்டும். நடந்துகொண்டே வீசிவிட்டுப் போகும் ‘நல்லாருக்கீங்களா?’ பெறுபவரைத் தொடுவதில்லை. சந்தையில் மூட்டையோடு போனவர்கள் நிற்கவில்லையே என்றால், அவர்களுக்குள் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பாதை இல்லாத இடத்தில் நின்றுதான் போட வேண்டும்.

கோப்பறை நனைந்த பிறகு அந்த அக்காவின் பெயரைக் கேட்டேன். அதே அலுவலகத்தில் அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. மறுநாள் காலை பெயரோடு அக்கா சேர்த்து, “டீ குடிச்சீங்களா?” என்றேன். “ஆச்சு சார்” என்றார். அதற்கடுத்த நாளும் அதே பதில்தான். ஏறத்தாழ ஒரு மாதம் அப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்பியவர், “ஆச்சு தம்பி, நீங்க?” என்றார். அன்று மதியமே, மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது, யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று என்னிடம் வந்து சொன்னார்.